பட்டம் அறிந்து பயிரிடுக

‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பது தமிழ்நாட்டு உழவர்களின் பழமொழி. ஆடியில் விதைத்த பயிர் வேரூன்றி வளர்ந்து நிற்கையில், ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை வந்து அதனை வாழவைக்கும். பல தலைமுறைகளின் பட்டறிவு இச்சிறு தொடரில் அடங்கியுள்ளது. ஆயினும், தில்லியில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பம் இதனைச் சொல்லுக்குச் சொல் பின்பற்றி, ஆடி மாதத்தில் கொத்தமல்லியும் பாலக்கீரையும் விதைத்தால் ஏமாற்றமே மிஞ்சும். அப்போது அங்கு மழைக்காலம். ஈரமும் புழுக்கமும் மிகுந்த அந்நாள்களில் அவ்விளங்கீரைகள் அழுகிப்போகும். இதனால் பழமொழி பொய் என்றாகிவிடாது. அதிலுள்ள ‘ஆடி’ என்னும் சொல் ஓரிடத்திற்கு உரியது. ‘தேடி’ என்னும் சொல் எல்லா இடங்களுக்கும் உரியது. வரும் ஆண்டிற்கு வீட்டுத்தோட்டம் அமைக்க விரும்புவோர் விதை வாங்குவதற்கு முன்னரே அத்தேடலைத் தொடங்க வேண்டும்.

ஊருக்கு ஒரு பட்டம்

வட இந்தியாவில் பயிர்ப் பருவங்கள் மூன்று. மழையை நம்பி ஜூன், ஜூலையில் விதைப்பது காரிப். குளிர்காலத்தை நம்பி அக்டோபர், நவம்பரில் விதைப்பது ரபி. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட கோடையில் வளர்ப்பது ஜைத். தில்லி வீடுகளில் பாலக், வெந்தயக்கீரை, கொத்தமல்லி, முள்ளங்கி, காரட், பட்டாணி ஆகியவை செழிப்பது குளிர்காலத்தில்தான். வெண்டை, வெள்ளரி, சுரை ஆகியவற்றைப் பிப்ரவரி இறுதியிலோ மார்ச்சிலோ விதைக்கலாம். வெண்டையையும் சுரையையும் மழை தொடங்கும்போது மீண்டும் விதைக்கலாம்.

பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்குத் தில்லியின் கடுங்குளிரும் இல்லை, கடும்வெப்பமும் இல்லை. கேரளத்தில் ஜூன் மாதமே பெருமழை தொடங்கிவிடும். குவாஹாத்தியில் நீர்ப்பஞ்சத்தைவிடத் தொட்டியில் தேங்கும் நீரே மழைக்காலச் செடிகளுக்குப் பகை. எனவே, ஓர் ஊரில் எழுதிய திட்டத்தை மற்றோர் ஊருக்கு அப்படியே எடுத்துச் செல்வது பொருந்தாது. பெற்றோரின் பணிமாற்றத்தால் ஊர்விட்டு ஊர் செல்லும் மாணவர்கள் இதனை நன்கு உணரக்கூடியவர்கள்.

புதிய ஊரின் பட்டத்தை அறிவது அரிதன்று. எந்தக் காய் எந்த மாதத்தில் சந்தையில் மலிவாகக் கிடைக்கிறது எனப் பார்த்தாலே அதன் பருவம் விளங்கும். அண்டை வீட்டு முதியோரைக் கேட்கலாம். உழவர்க்கு வழிகாட்டும் வேளாண் அறிவியல் நிலையங்கள் நாடெங்கும் உள்ளன. அவற்றுள் முதலாவது 1974-ஆம் ஆண்டு புதுச்சேரியில் தொடங்கப்பெற்றது. அங்கும் விளக்கம் பெறலாம்.

வெயிலும் அளவும்

திட்டத்தில் அடுத்து இடம்பெற வேண்டியது வெயில். காய்க்கும் செடிகளுக்கு நாள்தோறும் ஆறு மணி நேர வெயிலேனும் வேண்டும்; கீரைகளுக்கு மூன்று, நான்கு மணி நேரமும் போதும். தில்லி கடகரேகைக்கு வடக்கே இருப்பதால், அங்கு நண்பகல் சூரியன் ஆண்டு முழுவதும் தென்திசையிலேயே நிற்கும். குளிர்காலத்தில் அது மேலும் தாழ்ந்து செல்வதால், வடக்கு நோக்கிய மாடத்தில் நேர் வெயில் விழாது. ஜூன் மாதத்தில் வெயில் கண்ட இடத்தில் டிசம்பரிலும் வெயில் இருக்கும் என எண்ணித் தொட்டிகளை வைப்போர் பின்னர்ச் செடியைக் குறைகூறுவர். குறை செடியினுடையது அன்று.

மூன்றாவது, அளவு. ஒருவர் நாள்தோறும் குறைந்தது 400 கிராம் காய்கனி உண்ண வேண்டும் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் பரிந்துரை. நால்வர் உள்ள குடும்பத்திற்கு அது நாளொன்றுக்கு 1 கிலோ 600 கிராம் ஆகும். பத்துத் தொட்டிகள் அதனைத் தர இயலாது. முழுத் தேவையையும் வீட்டிலேயே விளைவிக்கும் ஆசையில் முப்பது தொட்டிகளை வாங்கிவிட்டு, மூன்றாம் மாதத்தில் கைவிடுவதில் பயன் இல்லை. நாள்தோறும் சிறிதளவு தேவைப்படுவதும், பறித்தவுடன் வாடுவதுமான கீரை, கொத்தமல்லி, புதினா ஆகியவற்றிற்கே சிறு தோட்டத்தில் முதலிடம் தருதல் தகும். வெந்தயக்கீரை ஒரு மாதத்தில் பறிப்புக்கு வந்துவிடும். ஒரே நாளில் எல்லாத் தொட்டிகளிலும் விதைக்காமல், பதினைந்து நாள்களுக்கு ஒரு தொட்டி என விதைத்தால் பருவம் முடியும்வரை கீரை கிடைக்கும்.

நீர் ஊற்றுபவர் யார்?

பெரும்பாலான திட்டங்களில் விடுபட்டுப்போகும் வினா இது. விதை, மண், உரம் ஆகியவற்றுக்கெல்லாம் பட்டியல் எழுதுவோர், கோடை விடுமுறையை மறந்துவிடுகின்றனர். வெப்பம் 40 பாகை செல்சியசைக் கடக்கும் மே மாதத்தில்தான் பல குடும்பங்கள் சொந்த ஊருக்குப் புறப்படுகின்றன. பத்து மாதம் பேணிய செடி பத்து நாளில் கருகுகிறது. திரும்பி வந்து வெறுந்தொட்டியைக் காணும் சிறுவன், தனக்குத் தோட்டக்கலை கைவராது என்று முடிவுசெய்துவிடுகிறான். செடியின் இழப்பைவிட இந்த முடிவே பேரிழப்பு.

இதனை முன்கூட்டியே தவிர்க்கலாம். புறப்படும் நாளைக் கணக்கிட்டு, அதற்குள் அறுவடை முடியுமாறு கோடைப்பயிரை விதைக்கலாம். அறுவடை முடிந்த தொட்டிமண்ணைக் கொட்டி வெயிலில் உலரவிடலாம். கறிவேப்பிலை, துளசி போன்ற நிலையான செடிகளை நிழலில் ஒன்றாகச் சேர்த்து, மண்மேல் காய்ந்த சருகு பரப்பி, அண்டை வீட்டாரிடம் ஒப்படைக்கலாம். அவர்கள் தீபாவளிக்கு ஊருக்குச் செல்லும்போது அவர்தம் செடிகளுக்கு இவ்வீட்டார் நீர் ஊற்றலாம். தோட்டத்தோடு நட்பும் வளரும்.

குறிப்பேடே ஆசான்

‘மனமகிழ்ச்சிக்காக வளர்ப்பதற்கு இத்துணைக் கணக்கு எதற்கு?’ எனச் சிலர் வினவக்கூடும். திட்டம் மகிழ்ச்சியைக் குறைப்பதில்லை. தவிர்க்கக்கூடிய துயரத்தையே குறைக்கிறது. தில்லிக் குளிரில் கறிவேப்பிலைச் செடி இலையுதிர்த்து நிற்கும். அது பட்டுவிட்டதென எண்ணிப் பிடுங்கி எறிவோர் உண்டு. சென்ற மார்ச்சில் அது மீண்டும் துளிர்த்தது எனக் குறிப்பேட்டில் எழுதிவைத்தவர், இவ்வாண்டு பொறுமையோடு காத்திருப்பார். விதைத்த நாள், முளைத்த நாள், பூச்சி கண்ட நாள், முதற்காய் பறித்த நாள் ஆகிய நான்கையும் எழுதினால் போதும். ஓராண்டுக்குப்பின் அக்குறிப்பேடே அவ்வீட்டிற்குரிய பஞ்சாங்கமாகிவிடும்.

முன்னோர் ஆடிப்பட்டத்தைக் கண்டறிந்ததும் இவ்வாறு பார்த்துப் பார்த்தே. அவர்கள் கண்ட விடையை மனப்பாடம் செய்வது எளிது. அவர்கள் தேடிய முறையைக் கைக்கொள்பவரே, எந்த ஊரில் வாழ்ந்தாலும் தம் பட்டத்தைக் கண்டுகொள்வர்.

சொற்பொருள்
பட்டம் – விதைப்பதற்கு ஏற்ற பருவம்
பட்டறிவு – அனுபவ அறிவு
மாடம் – வீட்டின் மேல்தளத் திறந்த பகுதி
பட்டுவிட்டது – காய்ந்து இறந்துவிட்டது

சிந்தித்து விடையளிக்க
1. ‘ஆடி’, ‘தேடி’ ஆகிய சொற்களுக்கு இடையே கட்டுரை காட்டும் வேறுபாடு யாது?
2. செடியின் இழப்பைவிடப் பேரிழப்பு எனக் கூறப்படுவது எது? அக்கருத்து உமக்கு உடன்பாடா? காரணம் தருக.
3. உம் ஊரின் பருவத்திற்கு ஏற்ப ஐந்து தொட்டிகளுக்கான ஓராண்டுத் திட்டம் ஒன்று எழுதுக.