கட்டணம் போன பின் நிற்பது எது?

கண்டி வாவிக்கு மேலே, ராஜபிஹில்ல மாவத்தையை அண்டிய மேட்டில் சின்னதாக ஒரு விருந்தினர் விடுதி நடத்தும் நண்பர், மாதக் கடைசியில் தனக்கு வரும் கணக்கை எனக்குக் காட்டினார். வெளிநாட்டு முன்பதிவுத் தளம் ஒன்று அனுப்பிய பட்டியல் அது. ஒவ்வொரு வரியிலும் தங்கியவர் பெயர், எத்தனை இரவு, அறை வாடகை, கடைசிக் கட்டத்தில் தளத்துக்கான தரகு. வாடகை 40 டொலர் என்றால் தரகு 6 டொலர். "ரூம் துடைக்கிறது, காலையில ஆப்பம் சுடுறது, ஸ்டேஷனுக்குப் போய்க் கூட்டிக்கொண்டு வாறது எல்லாம் நாங்கதான் அண்ணன். ஆனா அதில பேர் இல்லாட்டி இந்த மேட்டுக்கு ஒருத்தரும் ஏறி வராங்க இல்ல" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கவலையாகச் சொன்னார்.

நாட்டின் கணக்கேட்டில் அந்த 40 டொலர் சேவை ஏற்றுமதி. அதிலிருந்து போகும் 6 டொலர் சேவை இறக்குமதி. துறைமுகத்தில் இறங்காமல், சுங்கத்தில் பெட்டி திறக்கப்படாமல் வந்து சேரும் இறக்குமதி. பருப்பும் பெற்றோலும் எவ்வளவு வருகிறது என்று நாம் விரல் விட்டுச் சொல்வோம். கப்பல் கூலி, காப்புறுதி, மென்பொருள் வாடகை, வெளிநாட்டுப் படிப்பு, வெளிநாட்டு வைத்தியம், பொறியியல் ஆலோசனை என்று கண்ணுக்குத் தெரியாமல் வருபவற்றைப் பற்றிப் பேசுவோர் குறைவு. நான் பேச விரும்புவது அவற்றைப் பற்றித்தான்.

முதலில் உலகம் எங்கே நிற்கிறது என்று பார்ப்போம். சேவைகளை அதிகம் இறக்குமதி செய்யும் நாடு ஐக்கிய அமெரிக்கா. 2023இல் 700 பில்லியன் டொலருக்கு மேல். அடுத்து சீனா, பிறகு ஜேர்மனி. இவை பெரிய நாடுகள், விளங்கிக்கொள்ளலாம். ஆனால் ஐந்து மில்லியன் சொச்சம் மக்கள் உள்ள அயர்லாந்தும் 300 பில்லியனைத் தாண்டி அவற்றுக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. காரணம், அமெரிக்காவின் பெரிய தொழில்நுட்ப, மருந்துக் கம்பனிகள் தங்கள் காப்புரிமைக் கணக்குகளை அங்கே வைத்திருப்பதுதான். டப்ளினில் இருக்கும் கிளை தன் தாய்க் கம்பனிக்குக் கட்டும் உரிமைக் கட்டணம் எல்லாம் அயர்லாந்தின் இறக்குமதியாகப் பதிவாகிறது. அந்த ஊர்ச் சாதாரண மனிதர் அதில் ஒரு சதத்தையும் செலவழித்ததில்லை. நாடுகளை வரிசைப்படுத்தும் அட்டவணையைப் பார்க்கும்போது இதை மறக்கக் கூடாது.

சிங்கப்பூரின் சேவை இறக்குமதி 250 பில்லியனுக்கு மேல். தலைக்கு 40,000 டொலரைத் தாண்டும். நமக்கு? ஈஸ்டர் தாக்குதலுக்கு முந்திய நல்ல ஆண்டான 2018இல் இலங்கையின் சேவை இறக்குமதி ஏறக்குறைய 4.6 பில்லியன் டொலர். தலைக்கு 200 டொலர் சொச்சம். அதே ஆண்டில் நம் சேவை ஏற்றுமதி 8.4 பில்லியனை ஒட்டியிருந்தது. மிச்சம் நமக்குத்தான். பொருள் வர்த்தகத்தில் எப்போதும் பற்றாக்குறையில் நிற்கும் நாட்டுக்கு இது ஆறுதலான எண்.

ஆனால் குறைவாக இறக்குமதி செய்கிறோம் என்று மகிழ எனக்கு மனம் வரவில்லை. சேவைகளை அதிகம் வாங்கும் அமெரிக்காவும் சிங்கப்பூரும் வாங்குவதைவிட அதிகமாக விற்கவும் செய்கின்றன. இந்தியா 2023-24இல் 178 பில்லியன் டொலர் அளவுக்கு வாங்கி, 341 பில்லியன் அளவுக்கு விற்றது. வாங்கியதில் ஒரு பங்கு விற்பதற்கான கருவியாகப் பயன்பட்டது. நாம் குறைவாக வாங்குவதற்கு, செய்யும் தொழிலே குறைவு என்பதும் ஒரு காரணம். ஆகவே எவ்வளவு வாங்கினோம் என்பதோடு கேள்வி முடிவதில்லை. கட்டணம் கட்டி முடித்த பிறகு ஊரில் என்ன நின்றது என்றும் கேட்க வேண்டும்.

இந்தக் கேள்விக்குக் கண்டி நல்ல சாட்சி. நூற்றைம்பது ஆண்டுகளாக இந்த மலைநாடு சேவைகளை வாங்கிக்கொண்டே இருக்கிறது.

1867ஆம் ஆண்டு கண்டிக்கு ரயில் வந்தது. அதே ஆண்டு லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டார். பாதையைப் போட்டது ஃபாவியல் என்ற ஆங்கிலேய ஒப்பந்தக்காரர். இன்றைய மொழியில் சொன்னால் நிர்மாணச் சேவை இறக்குமதி. கடுகண்ணாவ ஏற்றத்தில் பாறையைக் குடைந்து அமைத்த அந்தத் தடமே இன்றும் கண்டியின் தடம். அதை ஓட்டவும் பழுதுபார்க்கவும் இந்த நாட்டு மனிதர்கள் கற்றுக்கொண்டார்கள்.

தேயிலையின் கதை வேறு மாதிரிப் போனது. கொழுந்து பறித்தது தமிழகத்திலிருந்து வந்த நம் முன்னோர். ஆனால் தோட்டத்தை நிர்வகித்த ஏஜன்சி கம்பனி, கப்பல், காப்புறுதி, லண்டன் மின்சிங் லேனில் நடந்த ஏலம் எல்லாம் வெள்ளையர் கையில். பெரிய தொகைகள் அந்த வழியில் போயின. இதில் ஒன்று மட்டும் மெல்ல ஊருக்குத் திரும்பியது. 1883இல் கொழும்பில் தேயிலை ஏலம் தொடங்கியது. லண்டன் ஏலம் 1998இல் மூடப்பட்டது. கொழும்பு ஏலம் இன்றும் நடக்கிறது. தரகர், சுவைபார்ப்போர், களஞ்சியக்காரர் என்று ஆயிரக்கணக்கானோருக்கு அது வாழ்வு தருகிறது. ஒரு காலத்தில் இறக்குமதியாக இருந்த சேவை உள்ளூர்த் தொழிலாக மாறியதற்கு இதைவிட நல்ல உதாரணம் நம் நாட்டில் எனக்குத் தெரியவில்லை.

கப்பல் திரும்பவில்லை. அரச கப்பல் கூட்டுத்தாபனத்தின் இரண்டு பெரிய கப்பல்களும் நிலக்கரி போன்ற மொத்தச் சரக்குக்கானவை. தேயிலைக் கொள்கலன் போவது அந்நியர் கப்பலில். சுங்கக் கணக்கில் ஏற்றுமதி கொழும்பில் கப்பலேறும் வரையான விலையில் எழுதப்படுகிறது. இறக்குமதியோ கப்பல் கூலியும் காப்புறுதியும் சேர்ந்த விலையில். உரமும் எரிபொருளும் மாவும் சுமந்து வந்த கூலி அந்தப் பொருள்களின் விலைக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. 2023 கடைசியில் செங்கடலில் தாக்குதல்கள் தொடங்கி, கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போகத் தொடங்கியபோது அந்தக் கூலியின் பாரம் மலைநாட்டுத் தேயிலைக்காரருக்கு உடனே தெரிந்தது.

ஒருமுறையாவது விக்டோரியா அணைக்கட்டைப் போய்ப் பாருங்கள். கண்டியிலிருந்து குண்டசாலை, திகன வழியாகப் போனால், மலைகள் நெருங்கி நிற்கும் இடத்தில் 122 மீற்றர் உயரச் சுவர் ஒன்று வில்லாக வளைந்து மகாவலியை நிறுத்தி வைத்திருக்கிறது. இரு புறமும் மலையைத் தொடும் அந்த வளைவில்தான் அதன் பலம் முழுவதும் இருக்கிறது. நீரின் அழுத்தத்தை வளைவு வாங்கி இரு பக்கத்துப் பாறைக்கும் கடத்திவிடுகிறது. கண் எடுக்க முடியாத வேலைப்பாடு. துரித மகாவலித் திட்டத்தில் பிரித்தானிய நன்கொடையில் கட்டப்பட்டு, 1985 ஏப்ரலில் மார்கரெட் தாட்சர் வந்திருந்து திறக்கப்பட்டது. 210 மெகாவாட் மின்சாரம். வடிவமைத்தது அலெக்சாண்டர் கிப் கம்பனி, கட்டியது பல்ஃபோர் பீட்டி நட்டால். நூறு மில்லியன் பவுணுக்கு மேல் கிடைத்த நன்கொடையில் பெரும்பகுதி பிரித்தானியக் கம்பனிகளுக்கே திரும்பிப் போனது. கொடுத்த பணத்தைத் தம் கம்பனிகளிடமே செலவழிக்கச் செய்வது அக்கால உதவியின் வழக்கம். கணக்கேட்டில் ஒரு பக்கம் உதவி வரவு, மறு பக்கம் நிர்மாணச் சேவை இறக்குமதி.

அதே மகாவலிப் படுகையில் கொத்மலையைச் சுவீடன்காரர் கட்டினார்கள், ரந்தெனிகலவை ஜேர்மனியர் கட்டினார்கள். எல்லாம் ஒரே பத்தாண்டுக்குள். இவ்வளவு பெரிய சேவை இறக்குமதியை அதற்கு முன்பும் பின்பும் மலைநாடு கண்டதில்லை என்பேன். விலையும் சின்னதல்ல. பழைய தெல்தெனிய நகரம் தண்ணீருக்குள் போனது. கடும் வரட்சியில் நீர் இறங்கும்போது பழைய கட்டடங்களின் மிச்சங்கள் தெரியும். அங்கே பிறந்தவர்கள் போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். பல்லாயிரம் குடும்பத்தினர் ஊர்விட்டுப் போக நேர்ந்தது.

அப்படி இருந்தும் இந்த இறக்குமதியை நான் மதிக்கிறேன். நாற்பது ஆண்டுகளாக மின்சாரம் தருகிறது, கீழே வயலுக்கு நீர் தருகிறது. அதைவிட, வெளிநாட்டு ஆலோசகர்களின் பக்கத்தில் உட்கார்ந்து வரைபடம் பார்த்த நம் பொறியியலாளர் தலைமுறை ஒன்று உருவானது. 1973இல் தொடங்கிய மத்திய பொறியியல் ஆலோசனைப் பணியகம் மகாவலி வேலைகளோடு வளர்ந்ததுதான். பிற்பாடு அது நாட்டுக்கு வெளியேயும் வேலை எடுத்தது. அணைகளைக் காப்பதும் மின் நிலையங்களை ஓட்டுவதும் இன்று நம்மவர் கையில். பணம் போனது, கை பழகியது.

இதற்கு எதிர்த்திசையில் ஓர் உதாரணம் சொல்லாமல் இருக்க முடியாது. கண்டிக்கு வரும் உல்லாசப் பயணிகளின் இலத்திரனியல் அனுமதியை உள்நாட்டு மொபிடெல் நிறுவனத்தின் அமைப்பு நடத்திக்கொண்டிருந்தது. 2024இல் அதை வி.எஃப்.எஸ். குளோபல் உள்ளிட்ட வெளிநாட்டுக் கூட்டிடம் ஒப்படைத்தார்கள். பயணியின் கட்டணமும் ஏறியது. வழக்குப் போடப்பட்டு, 2024 ஓகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதை இடைநிறுத்திப் பழைய முறைக்குத் திரும்பச் சொன்னது. நம்மவர் ஏற்கெனவே செய்துகொண்டிருந்த வேலையை வெளியிலிருந்து வாங்கினால் ஊரில் நிற்பதற்கு எதுவும் இல்லை. இருந்த பழக்கமும் போய்விடும்.

வைத்தியத்துக்காகச் சென்னைக்கும் வேலூருக்கும் போகும் கண்டிக் குடும்பங்களின் செலவும் இதே கணக்கில்தான் வரும். அறுவைச் சிகிச்சைக் கட்டணம் மட்டுமல்ல, லொட்ஜ் வாடகையும் ஓட்டோ காசும் சேர்த்தே. அதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. பிள்ளையை வெளிநாட்டில் படிக்க வைப்பதும் அப்படியே. 2022 ஏப்ரலில் நாடு கடன் கட்ட முடியாது என்று அறிவித்த நாட்களில், படிப்புக் கட்டணம் அனுப்ப டொலர் தேடி வங்கி வங்கியாக அலைந்த பெற்றோர் நம் ஊரில் பலர். சேவை இறக்குமதி என்ற கணக்கு வரிக்குப் பின்னால் நிற்பது அவர்களுடைய முகங்கள்.

முன்பதிவுத் தளத்தின் தரகுக்கு வருகிறேன். அந்தத் தளம் தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. போலந்திலிருந்து வரும் ஒரு பெண்ணுக்கு இந்த மேட்டு விடுதி இருப்பது தெரிவதே அதனால்தான். ஆனால் எசல பெரஹர நாட்களில் கண்டியில் அறை கிடைப்பதே அரிது. விளம்பரம் இல்லாமலே நிறையும். அந்த இரவுகளுக்கும் அதே தரகு போகிறது. இரண்டாம் முறை வரும் விருந்தினரும் தளத்தின் வழியாகவே வருகிறார். வெளிநாட்டு இணையச் சேவைகளுக்கு 18 வீத வற் வரி அறவிட 2025இல் சட்டம் திருத்தினார்கள். வருமானம் தேடும் அரசாங்கத்தின் நிலை புரிகிறது. ஆனால் வற் வரிக்குப் பதிவாகாத சிறு விடுதிக்காரர் அந்த வரியைத் திரும்பப் பெற முடியாது. தளம் தன் கட்டணத்தோடு சேர்த்தால் சுமப்பது அவர்தான். அந்த வரிப் பணத்தில் ஒரு பங்கை எடுத்து, கண்டி மாநகர சபையும் மாகாண சபையும் சேர்ந்து, பெரஹர பருவத்துக்கு மட்டுமாவது, சிறு விடுதிகளுக்கான பொது முன்பதிவுப் பக்கம் ஒன்றை நடத்தலாம். பேராதனையில் கணினி படித்து வெளியே வரும் பிள்ளைகளுக்கு அது கடினமான வேலை அல்ல.

இன்னும் பெரிய கட்டணம் ஒன்று வழியில் இருக்கிறது. மத்திய அதிவேகப் பாதை. மீரிகமவிலிருந்து குருநாகல் வரையான பகுதியை உள்நாட்டு ஒப்பந்தக்காரர்கள் கட்டி, 2022 ஜனவரியில் திறந்தார்கள். சீனக் கடனிலும் சீன ஒப்பந்தக்காரரிடமும் தங்கியிருந்த கடவத்தை–மீரிகம பகுதி பொருளாதார நெருக்கடியில் நின்றுபோய், 2025இல்தான் மறுபடி வேலை தொடங்கியது. நின்றதற்குத் திறமைக் குறைவு காரணம் அல்ல, பணம்தான். ஆனாலும் முதலில் வாகனம் ஓடியது நம்மவர் கட்டிய துண்டில் என்பதை நான் சும்மா கடந்துபோக மாட்டேன். பொத்துஹெரவிலிருந்து கலகெதர வரையான துண்டு கண்டியை நோக்கி வருவது. மேடும் சரிவும் மண்சரிவும் உள்ள நிலம். வெளிநாட்டு அறிவு அங்கே தேவைப்படலாம், வாங்குவோம். ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை மட்டும் எழுத்தில் இருக்கட்டும்: வடிவமைப்பு மேசையில், வெளிநாட்டு ஆலோசகருக்குப் பக்கத்தில், பேராதனைப் பொறியியல் பீடத்தில் படித்தவர்கள் எத்தனை பேர், எந்தப் பொறுப்பில் உட்காருவார்கள் என்று. கைச்சாத்திடும் முன்பே அந்தப் பக்கத்தைப் பகிரங்கமாக வெளியிட வேண்டும்.