சாக்கடை கடலுக்கு, லாபம் கம்பெனிக்கு!

கடலுக்கு முதலாளி கிடையாது. ஆனால் கடலுக்குள் சாக்கடையைக் கொண்டுபோய் விடுகிற குழாய்க்கு முதலாளி உண்டு. இங்கிலாந்தில் இன்று நடக்கும் கூத்து முழுவதும் இந்த இரண்டு வாக்கியங்களில் அடங்கிவிடும்.

2024-ஆம் ஆண்டில் மட்டும் அந்நாட்டின் ஆறுகளிலும் கடலோரத்திலும் சுத்திகரிக்காத கழிவுநீர் 4,50,398 தடவை திறந்துவிடப்பட்டது. திறந்துவிட்ட நேரத்தைக் கூட்டினால் 36 லட்சம் மணி நேரத்துக்கும் மேல் வருகிறது. இது எதிரிகள் கட்டிவிட்ட கதை அல்ல. குழாய் வாய்களில் மானி பொருத்தி அந்நாட்டுச் சர்க்காரின் சுற்றுச்சூழல் இலாகாவே வெளியிட்ட கணக்கு.

"எங்கோ கிடக்கும் இங்கிலாந்துக் கடல் எப்படிப் போனால் நமக்கென்ன?" என்று தோழர்கள் கேட்கலாம். நமக்கு இரண்டு வகையில் அக்கறை உண்டு. அந்தக் கடலில் காலங்காலமாகக் குளித்து வந்தவர்கள் நம்மைப் போன்ற ஆலைத் தொழிலாளிகள். அந்தக் கடலைக் கெடுத்த அதே மருந்துச் சீட்டை நம் ஊர்களுக்கும் எழுதிக் கொடுக்கத் துடிக்கிறவர்கள் இங்கேயும் இருக்கிறார்கள்.

மில் தொழிலாளியின் கடற்கரை

கோயம்புத்தூரைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்பார்கள். அசல் மான்செஸ்டரைச் சுற்றியுள்ள லங்காஷயர் பஞ்சாலை ஊர்களில் ஒரு வழக்கம் இருந்தது. வருஷத்தில் ஒரு வாரம் ஊரிலுள்ள ஆலைகள் அத்தனையும் மூடப்படும். ஊருக்கு ஊர் வாரம் மாறும். பஞ்சுத் தூசியை வருஷம் முழுவதும் விழுங்கிய ஆணும் பெண்ணும் குழந்தை குட்டிகளோடு ரயிலேறி பிளாக்பூல் கடற்கரைக்குப் போவார்கள். அந்த ஒரு வாரத்துக்காக வாராவாரம் காசு சேர்த்து வைப்பார்கள். ஏனென்றால் அந்த வாரத்துக்குச் சம்பளம் கிடையாது. தொழிற்சங்கங்கள் பல்லாண்டு போராடிய பிறகுதான் 1938-ல் சம்பளத்துடன் கூடிய விடுமுறைக்கான சட்டம் வந்தது.

போராடி வாங்கிய லீவில் தொழிலாளி எதில் போய் முங்கினான்? ஊர்ச் சாக்கடை கலந்த தண்ணீரில்! துரைமார்கள் தெற்கே பிரான்ஸ் நாட்டுக் கடலோரத்துக்குப் போய்விடுவார்கள். தொழிலாளிக்கு பிளாக்பூலை விட்டால் வேறு கதி ஏது?

சிறுமியின் சாவும் நிபுணர் தீர்ப்பும்

1957-ல் இங்கிலாந்தில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி இளம்பிள்ளை வாத நோய் கண்டு இறந்தாள். கழிவுநீர் கலந்த கடலில் குளித்ததுதான் காரணம் என்று அவளுடைய பெற்றோர் நம்பினார்கள். துக்கத்தோடு வீட்டில் முடங்கிவிடாமல் ஒரு சங்கம் அமைத்து, எந்தெந்தக் கடற்கரையில் எந்தக் குழாய் விழுகிறது என்று ஊர் ஊராகக் கணக்கெடுத்தார்கள்.

சர்க்காரின் பதில் என்ன? 1959-ல் அந்நாட்டு மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் கமிட்டி ஓர் அறிக்கை தந்தது. பார்க்கவே அருவருப்பாக இருக்கும் அளவுக்குத் தண்ணீர் கெட்டிருந்தாலொழிய, அதில் குளிப்பதால் பெரிய ஆபத்தில்லை என்பது அதன் சாரம். அதாவது மலம் கண்ணுக்குத் தெரியாதவரை கவலை வேண்டாம்!

கிருமி கண்ணுக்குத் தெரிந்தா வருகிறது? அசுத்தக் கடலில் முங்கி எழுந்தவனுக்கு வயிற்றுப்போக்கு வரும், காதில் சீழ் பிடிக்கும், கண் சிவக்கும், தோலில் புண் வரும். மனிதக் குடலில் வாழும் ஈ-கோலி என்ற கிருமி எத்தனை இருக்கிறது என்று எண்ணித்தான் இன்று கடல்நீரைச் சோதிக்கிறார்கள். 100 மில்லி லிட்டர் கடல்நீரில் 250-க்கு மேல் இருந்தால் அது முதல் தரம் ஆகாது. இந்தச் சோதனையின் முடிவு வர இரண்டு நாள் வரை ஆகும். அதற்குள் குளித்தவன் வீட்டுக்குப் போய்ப் படுக்கையில் விழுந்திருப்பான். ஆகவே சோதனை மட்டும் போதாது. குழாயின் வாய் திறக்கும் அந்த நிமிஷமே கரையிலிருப்பவனுக்குத் தெரிய வேண்டும். குழாய் திறக்காமலே இருப்பது அதைவிட நல்லது.

பட்டியல் தந்திரம்

1975 டிசம்பரில் ஐரோப்பியப் பொது மார்க்கெட் நாடுகள் ஒரு விதி செய்தன. மக்கள் குளிக்கும் கடற்கரைகளைப் பட்டியலிட வேண்டும், பத்து ஆண்டுக்குள் அங்குள்ள தண்ணீரைத் தரத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்பது விதி. பிரிட்டிஷ் சர்க்கார் என்ன செய்தது? குழாயைத் திருத்தவில்லை, பட்டியலைச் சுருக்கியது! நான்கு புறமும் கடல் சூழ்ந்த நாட்டில் மக்கள் குளிக்கும் கடற்கரைகள் 27-தான் என்று 1979-ல் கணக்குக் கொடுத்தது. கடலே இல்லாத லக்சம்பர்க் நாடு தன் ஆறு ஏரிகளை வைத்துக் கொடுத்த பட்டியல் இதைவிடப் பெரிது. லட்சோப லட்சம் தொழிலாளர்கள் குளித்த பிளாக்பூல் அந்த 27-ல் இல்லை. தொழிலாளி குளித்தால் அது குளியல் கணக்கில் சேராது போலும்!

பட்டியலில் இல்லாத கடற்கரைக்குத் தரமும் இல்லை, செலவும் இல்லை. கடைசியில் வழக்கு ஐரோப்பியக் கோர்ட்டுக்குப் போயிற்று. பிளாக்பூல், சவுத்போர்ட் கடல்நீரைத் தரத்துக்குக் கொண்டுவரத் தவறிய குற்றத்துக்காக 1993 ஜூலையில் பிரிட்டனுக்கு எதிராகத் தீர்ப்பாயிற்று.

விற்றவர்களும் விழுங்கியவர்களும்

இதற்கிடையில் 1989-ல் தாட்சர் அம்மையாரின் சர்க்கார் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குடிநீரையும் சாக்கடையையும் கவனித்து வந்த பத்துப் பொது ஸ்தாபனங்களைத் தனியாருக்கு விற்றது. கிடைத்த விலை சுமார் 760 கோடி பவுண்டு. விற்பதற்கு முன் அவற்றின் கடன் சுமார் 500 கோடி பவுண்டைப் பொதுப்பணத்திலிருந்து தள்ளுபடி செய்தார்கள். அதற்கு மேல் 150 கோடி பவுண்டு ரொக்கமும் சீதனமாகக் கொடுத்தார்கள். மாட்டை விற்கிறவன் கன்றையும் கொடுத்து, ஒரு வருஷத்துத் தீவனத்தையும் கட்டிக் கொடுத்தது போல! "தனியார் வந்தால் முதலீடு வரும், குழாய் புதிதாகும், கடல் பளிங்காகும்" என்று வாய்ப்பந்தல் போட்டார்கள்.

வந்தது என்ன? கடனில்லாமல் கையில் வாங்கிய கம்பெனிகளின் தலையில் இன்று 6,000 கோடி பவுண்டுக்கு மேல் கடன் நிற்கிறது. அதே காலத்தில் பங்குதாரர்களுக்கு டிவிடெண்டாகப் போனது 5,000 கோடி பவுண்டுக்கு மேல். கடன் வாங்கி லாபம் பங்கு போட்டார்கள் என்று சொன்னால் அது மிகையா? அந்தக் கடனுக்கு வட்டி கட்டுகிறவன் யார்? தண்ணீர் பில் கட்டும் ஏழைதான். வேறு கம்பெனியிடம் போகிறேன் என்று அவனால் சொல்ல முடியாது. ஒரு ஊருக்கு ஒரே குழாய். ஏகபோகம் என்பது இதுதான்.

"1990-க்குப் பிறகு கடற்கரைகள் ஓரளவு சுத்தமாயினவே!" என்பார்கள் வக்காலத்து வாங்குகிறவர்கள். ஆயின. யாரால்? கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் விடக்கூடாது என்று 1991-ல் ஐரோப்பிய நாடுகள் செய்த கட்டாய விதியால், கோர்ட்டுத் தீர்ப்புகளால், பதாகை தூக்கிக் கடலில் இறங்கிய மக்களால். அதற்கான செலவும் மக்கள் கட்டிய பில்லிலிருந்தே வந்தது. சட்டம் கழுத்தைப் பிடித்தபோது செய்தார்கள். பிடி தளர்ந்ததும் பழைய புத்தியைக் காட்டினார்கள்.

மழையின் மேல் பழி

இன்று கேட்டால் "மழை" என்கிறார்கள். விஷயம் இதுதான். அங்கே பழைய நகரங்களில் மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் ஓடுகின்றன. அடைமழையில் குழாய் நிரம்பினால் சாக்கடை வீடுகளுக்குள் எதிர்த்து வரும். அதைத் தடுக்க ஆற்றிலும் கடலிலும் வடிகால் வாய்கள் வைத்தார்கள். என்றோ ஒருநாள் பெருமழைக்குத் திறக்கவேண்டிய வாய் அது.

வாரந்தோறும் திறந்தால் அதற்குப் பெயர் வடிகாலா? மழைநீருக்குத் தனிக் குழாய் போடலாம். மழை விடும்வரை கழிவுநீரைப் பிடித்து வைக்கப் பெரிய தொட்டிகள் கட்டலாம். ஊர் பெருகப் பெருகச் சுத்திகரிப்பு நிலையத்தையும் பெரிதாக்கலாம். இவை அனைத்தும் எஞ்சினீயர்களுக்குத் தெரிந்த பழைய வேலைதான். பணம்தான் வேண்டும். அந்தப் பணம் எங்கே போயிற்று என்பதை மேலே கண்டோம்.

2023 ஜூனில் ஃபிளீட்வுட் ஊரில் கழிவுநீர் நிலையத்தின் குழாய் ஒன்று வெடித்தது. கோடைக் குளியல் காலத்தில், பிளாக்பூல் உட்பட அந்தக் கடலோரம் முழுவதும் "கடலில் இறங்காதீர்கள்" என்று அறிவிப்பு வைத்தார்கள். லங்காஷயர் தொழிலாளியின் கடல் திரும்பவும் அவனுக்கு இல்லாமல் போயிற்று.

அபராதம் யார் தலையில்?

தெற்குக் கடலோரத்தைப் பாருங்கள். சதர்ன் வாட்டர் என்ற கம்பெனி 2010 முதல் 2015 வரை 6,971 தடவை சட்டவிரோதமாகக் கழிவுநீரைத் திறந்துவிட்டது. அளவு 1,600 கோடி முதல் 2,100 கோடி லிட்டர் வரை. சிப்பி எடுத்துப் பிழைப்பவர்களின் கடலும் கெட்டது. குற்றத்தைக் கம்பெனியே ஒப்புக்கொண்டது. 2021 ஜூலையில் 9 கோடி பவுண்டு அபராதம் விழுந்தது.

கம்பெனிக்கு அபராதம், மனிதர்களுக்கு? இதே விவகாரத்தில் அதிகாரிகளுக்குத் தகவல் கொடுக்காமல் தடுத்ததாக ஐந்து ஊழியர்கள் 2019-ல் தண்டிக்கப்பட்டனர். கம்பெனி வக்கீல் சொன்னபடி நடந்தோம் என்று அவர்கள் சொன்னார்கள். அந்த வழக்கில் டைரக்டர் ஒருவர்கூடச் சிறை வாசலைப் பார்க்கவில்லை. உத்தரவு மேலே பிறக்கிறது, தண்டனை கீழே விழுகிறது. நம் ஆலைகளிலும் இதைத்தானே காண்கிறோம்?

தேம்ஸ் வாட்டர் கம்பெனிக்கு 2025 மே மாதம் 12 கோடியே 27 லட்சம் பவுண்டு அபராதம் போட்டார்கள். அதற்கு முந்திய மாதம்தான் இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதும் தண்ணீர் பில்லைச் சராசரி 26 சதவீதம் ஏற்றினார்கள். குழாயைத் திருத்தப் பணம் வேண்டுமாம்! 35 ஆண்டு லாபத்தைத் தின்றவன் கை கழுவிக்கொண்டு எழுந்துவிட்டான். இலை எடுக்கிற கூலியை ஜனங்கள் கொடுக்க வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு, 2025-ல் ஆராய்ந்து அறிக்கை தந்த கமிஷன், கம்பெனிகளைக் கண்காணித்த ஆஃப்வாட் ஸ்தாபனத்தைக் கலைக்கச் சொன்னது. சர்க்காரும் சரி என்றது. ஆனால் கம்பெனிகளைத் திரும்பப் பொதுவுடைமையாக்குவது பற்றி ஆராயவே அந்தக் கமிஷனுக்கு அனுமதி தரப்படவில்லை. காவல்காரனை மாற்றலாமாம், களவாடியவன் மட்டும் வீட்டுக்குள்ளேயே இருக்கலாமாம்!

ஸ்காட்லாந்து சொன்ன பதில்

இதே திட்டத்தோடு ஸ்காட்லாந்துக்கும் வந்தார்கள். 1994-ல் அங்கே ஸ்ட்ராத்கிளைட் வட்டார கவுன்சில் மக்களிடமே வாக்கெடுத்தது. வாக்களித்தவர்களில் 100-க்கு 97 பேர் தண்ணீரை விற்கக் கூடாது என்றார்கள். சர்க்கார் பின்வாங்கியது. ஸ்காட்லாந்தின் தண்ணீர் இன்றும் பொதுச் சொத்து.

அங்கே எல்லாக் கடலும் பளிங்காக இருக்கிறது என்று நாம் சொல்லவில்லை. அங்கேயும் வடிகால் வாய்கள் திறக்கின்றன, பலவற்றில் வெகுகாலம் மானியே பொருத்தாமல் வைத்திருந்தார்கள். பொதுச் சொத்து என்று பலகை மாட்டியதும் அதிகாரி யோக்கியனாகிவிடுவதில்லை. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. பொது ஸ்தாபனத்தில் மிஞ்சும் காசைப் பங்குதாரன் அள்ளிக்கொண்டு போக முடியாது. குழாய்க்குச் செலவிடு என்று மக்கள் அதட்டிக் கேட்க முடியும். அதட்டிக் கேட்க அமைப்பு வேண்டும். அது நம் வேலை.

நாம் கேட்பது

சென்னையில் கூவத்தின் முகத்துவாரத்துக்கும் அடையாற்றின் முகத்துவாரத்துக்கும் நடுவேதான் மெரினா இருக்கிறது. இரண்டு ஆறுகளும் நகரத்தின் சாக்கடையைச் சுமந்து வருகின்றன. காணும் பொங்கலன்று குழந்தைகளோடு வரும் கூலிக்காரன் கால் நனைப்பது அந்தத் தண்ணீரில். கோவளம் கடற்கரைக்கு 2021-ல் நீலக்கொடி என்ற சர்வதேசச் சான்று கிடைத்தது. நல்லது, வரவேற்கிறோம். அந்தச் சான்றுக்குத் தண்ணீரைச் சோதித்து முடிவைக் கரையில் எழுதி வைக்க வேண்டும். கோவளத்தில் முடிவது மற்றக் கடற்கரைகளில் ஏன் முடியாது? சுற்றுலாக்காரன் உடம்பு ஒன்று, மீனவன் பிள்ளையின் உடம்பு வேறொன்றா?

கோயம்புத்தூர் மாநகராட்சி 2018-ல் குடிநீர் விநியோகத்தை 26 ஆண்டு ஒப்பந்தத்தில் சூயஸ் என்ற பிரெஞ்சுக் கம்பெனியிடம் கொடுத்ததை மில் தொழிலாளிகள் அறிவார்கள். இன்று குடிநீர்க் குழாய், நாளை சாக்கடைக் குழாய் என்று வந்தால், அந்தச் சாலை எங்கே போய் முடிகிறது என்பதற்கு பிளாக்பூல் சாட்சி.

நாம் கேட்கிறோம்: மக்கள் கால் நனைக்கும் ஒவ்வொரு கடற்கரையிலும் தண்ணீரைச் சோதித்து முடிவைத் தமிழில் பலகையில் எழுது! கடலில் விழும் ஒவ்வொரு குழாய்க்கும் பொறுப்பாளி யார் என்று அறிவி! கழிவுநீர் நிலையங்களைப் பொதுப்பணத்தில் கட்டு, பொதுக்கையில் வை! சாக்கடை வேலையில் மனிதனைக் குழிக்குள் இறக்காதே, இயந்திரத்தை இறக்கு. அந்தத் தொழிலாளிக்கு நிரந்தர வேலை கொடு!

"கடற்கரையை ஜனங்கள் அசுத்தம் செய்கிறார்கள்" என்று எவனாவது உபதேசம் செய்தால், அவனைக் கையைப் பிடித்துக் குழாயின் வாய்க்கு அழைத்துப் போங்கள், தோழர்களே. கடலை உண்டது யார் என்பதை அந்த வாயே சொல்லும். மீனவரும் ஆலைத் தொழிலாளியும் துப்புரவுத் தொழிலாளியும் அந்த இடத்தில் ஒன்றாக நின்றால், குழாயை மூடும் நாள் தூரத்தில் இல்லை.