ஓடை அளவையும் செயற்கைக்கோள் கருவியும்

வட அமெரிக்காவின் மேற்கே பசிபிக் சமுத்திரத்திற் கலக்கும் கொலம்பியா நதிக்குக் கிளையோடைகள் எண்ணிறந்தன. சால்மன் என்னும் மீன் இவ்வோடைகளிற் பிறந்து, கடலிற் சென்று வளர்ந்து, முட்டையிடும் பொருட்டுத் தான் பிறந்த ஓடைக்கே பெரும்பாலும் மீளும் இயல்பினது. அதற்கு வேண்டுவன குளிர்ந்த நீர், வண்டல் மூடாத கூழாங்கற் படுகை, கோடையிலும் வற்றாத மடுக்கள், கரையினின்று சாய்ந்து நீரிற் கிடக்கும் பெருமரங்கள் என்பன. இவை எவ்விடத்தில் எவ்வளவு உள்ளன என்று கணக்கெடுத்தலே வாழிட அளவையாம்.

செயற்கைக்கோள்களின் உதவியால் இடங்காட்டும் ஜி.பி.எஸ். கருவியும், கணினியிற் படம் வரையும் முறையும் வந்தபின், அளவையாளர் நீரிலிறங்கி நடக்கும் வேலை பெரிதும் ஒழிந்துவிடும் என்று கருதுவோர் உளர். இக்கருத்து பொருந்தாது. கருவியில் குறையில்லை; அதன்மீது வைக்கும் நம்பிக்கையே அளவு கடந்தது.

சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்திற் சுற்றும் கோள்களில் நான்கேனும் அனுப்பும் குறிகளைப் பெற்றே இக்கருவி இடத்தைக் கணிக்கிறது. 2000-ஆம் வருஷம் மே மாதம் வரையில் அமெரிக்க அரசாங்கம் பொதுமக்கள் பெறும் குறிகளில் வேண்டுமென்றே பிழை கலந்து வந்தமையால், 100 மீட்டர் வரையிலும் தவறு நேர்ந்தது. அது நீங்கியபின், திறந்த வெளியிற் சாதாரணக் கைக்கருவியும் சில மீட்டருக்குள் இடத்தைக் காட்டுகிறது. ஓடையோ திறந்த வெளியன்று. டக்ளஸ் பர் மரங்கள் கவிந்த குறுகிய பள்ளத்தாக்கில் வானம் ஒரு கீற்றாகவே தோன்றும். அங்கே குறிகள் பாறையிலும் மரத்திலும் மோதிச் சுற்றி வருவதால், நீரோட்டத்தைக் கருவி கரையேற்றிவிடுவதும் உண்டு. மூன்று மீட்டர் அகலமுள்ள ஓடை பத்து மீட்டர் விலகுமாயின், படத்தில் அது அயலாருடைய நிலத்தில் ஓடும்.

இதனை அற்பமென்று தள்ளலாகாது. ஆரிகன் மாகாணத்தில் மீன் வாழும் ஓடையென்று வகுக்கப்பட்டதன் கரையோரத்தில் மரம் வெட்டுதற்குக் கட்டுப்பாடு அதிகம். மீன் எதுவரை ஏறுகிறதென்னும் ஒரு புள்ளியைப் பொறுத்தே நிலமுடையவர் மரம் வெட்டலாமா, நிறுத்த வேண்டுமா என்பது அமைகிறது. புள்ளி மேலே தவறினால் அவருக்கு நஷ்டம். கீழே தவறினால் மீனுக்கு நஷ்டம்.

கருவிக்கு உரிய இடம் வேறு. அமெரிக்க மீன் இலாகாவினர் 1934-ஆம் வருஷந் தொடங்கிக் கொலம்பியாவின் கிளைகளில் நடந்து, மடுக்களைப் பரப்பாலும் ஆழத்தாலும் வகுத்துக் குறித்தனர். சுமார் அரை நூற்றாண்டு கழித்து அவ்வோடைகள் பலவற்றை மறுபடியும் அளந்தபோது, பல இடங்களிற் பெருமடுக்கள் மிகக் குறைந்திருக்கக் கண்டனர். பெருமடு இன்னதென்று முன்னரே விதித்திருந்தமையாலன்றோ இவ்வொப்பீடு கூடிற்று! மறுஅளவையாளர் முன்னோர் நின்ற இடத்திலேயே நிற்றல் வேண்டும். அவ்விடத்தைப் பின்வருவோர்க்குக் காட்டி வைப்பதிற் கருவிக்கு நிகரில்லை. மடுவின் ஆழத்தையோ அளவுகோலே சொல்லும்.

படம் தெளிவாயிருப்பதாலும் ஓர் ஆபத்து உண்டு. மரக்குவியல்கள் மீனுக்குத் தடையென்று கருதி அவற்றை ஓடைகளினின்று அகற்றும் வேலை அந்நாட்டில் 1970-களிலும் நடந்தது. பின்னர் அதே அதிகாரிகள் பணம் செலவிட்டு மரங்களை நீரிற் கொண்டுபோய் இட்டனர். அன்று நுட்பமான படம் கையிலிருந்திருந்தால், அகற்றும் வேலை இன்னும் விரைவாக முடிந்திருக்கும்.

ஆகவே, கருவி வாங்கும் தொகையில் ஒரு பங்கையேனும் நீரில் நடந்து அளப்பவரைப் பயிற்றுதற்கு ஒதுக்குதல் தகும். ஒவ்வொரு புள்ளிக்கும் எடுத்த தேதி, அப்போது கிடைத்த கோள்களின் எண்ணிக்கை, நேரக்கூடிய பிழை ஆகியவற்றைப் படத்துடனேயே எழுதி வைத்து, நிலமுடையவர் கேட்டபோது காட்டுதலும் வேண்டும்.