கூரையில்லாத பிள்ளைக்கும் பள்ளிக்கூடம் உண்டு!

காவேரியில் வெள்ளம் பெருகினால் பவானியில் முதலில் வீட்டை விட்டு வெளியேற வேண்டியவர்கள் கரையோரத்து ஏழைகள். 2018 ஆகஸ்டிலும் 2022 ஆகஸ்டிலும் மேட்டூர் அணையிலிருந்து விநாடிக்கு இரண்டு லட்சம் கன அடி அளவுக்குத் தண்ணீர் வந்தபோது, அக்குடும்பங்கள் சட்டி பானைகளோடு பள்ளிக்கூடங்களிலும் கல்யாண மண்டபங்களிலும் தஞ்சம் புகுந்தன. பள்ளிக்கூடம் முகாமாகிவிட்டால் பாடம் எங்கே நடக்கும்? வெள்ளம் வடிந்தது; அதிகாரிகளின் ஜீப்புகள் திரும்பிப் போயின. நனைந்துபோன புஸ்தகமும் சேற்றில் புதைந்த சர்டிபிகேட்டும் என்ன ஆயின என்று கேட்பார் இல்லை.

வெள்ளத்தால் வீடிழப்பது சில நாள் துன்பம். அதையாவது ஊர் கண்ணால் பார்க்கிறது. ஊர் பார்க்காத இன்னொரு வீடின்மை வருஷம் முழுவதும் நம்மிடையே இருக்கிறது.

பொங்கல் முடிந்ததும் செங்கல் சூளைக்கு மூட்டை கட்டும் குடும்பத்தைப் பாருங்கள். மழைக்காலம் தொடங்கும் வரை சூளையோரத்துத் தகரக் கொட்டகைதான் அதன் வீடு. வருஷப் பரீட்சை நடக்கும் மாதங்களில் பிள்ளை ஈரச் செங்கல்லைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருக்கிறது. ஆலைக்குக் கரும்பு வெட்ட வரும் குடும்பங்கள் காட்டுக்குக் காடு கூடாரம் மாற்றுகின்றன. கடம்பூர், பர்கூர் மலைகளிலிருந்து வேலை தேடிச் சமவெளிக்கு இறங்கும் குடும்பங்களின் கதையும் இதுவே. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து பெருந்துறை, திருப்பூர் பட்டறைகளின் பின்கட்டில் ஒண்டியிருப்போரின் பிள்ளைகளுக்கோ பள்ளியின் பாஷையே புதிது.

இவர்களில் எத்தனை பேரைச் சர்க்கார் "வீடற்றவர்" என்று ஒப்புக்கொள்கிறது? 2011 ஜனத்தொகைக் கணக்குப்படி இந்தியாவில் வீடற்றவர்கள் சுமார் 17.7 லட்சம். அந்தக் கணக்கு சாலையோரத்திலும், பாலத்தடியிலும், கோயில் மண்டபத்திலும், ரயில் மேடையிலும் இரவைக் கழிப்பவர்களைப் பற்றியது. சூளைக் கொட்டகைக்கு நான்கு தகரம் இருப்பதால் அது "வீடு" ஆகிவிடும்! வேலை முடிந்த மறுநாள் காலி செய்ய வேண்டிய இடம் வீடாகுமா? அங்கே வளரும் பிள்ளையும் வீடற்ற பிள்ளையே என்பது நமது உறுதியான கருத்து.

1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டம், பத்து வருஷத்துக்குள் 14 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி தர முயல வேண்டும் என்றது. பத்து வருஷம் அறுபது வருஷமாயிற்று. 2002இல் அரசியல் சட்டம் திருத்தப்பட்டது. 2009இல் கல்வி உரிமைச் சட்டம் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. இச்சட்டத்தை ஒவ்வொரு தொழிலாளியும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். வயதுச் சான்று இல்லை என்று 6 முதல் 14 வயதுப் பிள்ளையைச் சேர்க்க மறுக்கக் கூடாது. சேர்க்கைக் காலம் முடிந்துவிட்டது என்று திருப்பி அனுப்பக் கூடாது. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானால் அதைக் காரணம் காட்டக் கூடாது. இடையில் படிப்பை விட்ட பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்ட பாடத்துக்குத் தனிப் பயிற்சி தர வேண்டும். 14 வயது கடந்தாலும் எட்டாம் வகுப்பை முடிக்கும் வரை இலவசக் கல்வி உண்டு. இடம்பெயர்ந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகளைச் சேர்ப்பது ஸ்தல ஸ்தாபனங்களின் கடமை என்றே சட்டம் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது.

சட்டம் இப்படி இருக்க, பிள்ளை ஏன் சூளையில் இருக்கிறது? கூலி முறையைப் பாருங்கள். சூளையில் ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு. கரும்பில் டன்னுக்கு இவ்வளவு. புருஷனும் மனைவியும் மட்டும் உழைத்தால் மேஸ்திரியிடம் வாங்கிய முன்பணம் அடைபடாது. ஆகவே பிள்ளையின் கையும் சேருகிறது. கூலிப் பட்டியலில் அந்தக் கைக்குப் பெயர் இல்லை, கூலியும் இல்லை. லாபம் மட்டும் முதலாளிக்குப் போய்ச் சேருகிறது. கொத்தடிமை முறை 1976ஆம் வருஷச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டதாக ஏட்டில் இருக்கிறது. முன்பணம் என்ற கயிறு அறுபடாத வரை புஸ்தகப் பை தோளில் ஏறாது. பெற்றோருக்குப் படிப்பின் அருமை தெரியவில்லை என்று பேசுகிற கனவான்களுக்கு இதுவே நமது பதில்.

பெண் பிள்ளைகளின் நிலைமை இன்னும் கொடியது. கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் கிடைக்கும் என்று ஆசை காட்டி, "சுமங்கலித் திட்டம்" என்ற பெயரில் கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் நூற்பாலைகளின் விடுதிகளில் ஏழைப் பெண்களை அடைத்து வைத்த கதையை மில் தொழிலாளர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. பத்தாம் வகுப்போடும் அதற்கு முன்பும் படிப்பை விட்டு வந்தவர்கள் அவர்களில் ஏராளம்.

படிப்பில் விழும் இடைவெளிக்கு விலையும் பெரிது. காமராஜர் காலத்தில் 1956இல் தொடங்கிய மதிய உணவு, 2022இல் தொடங்கிய காலை உணவு இரண்டும் பள்ளிக்குள் இருக்கும் பிள்ளைக்கே. கல்லூரி மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும், மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் 6 முதல் 12ஆம் வகுப்பு வரை இம்மாநிலத்தின் அரசாங்கப் பள்ளியில் படித்ததைக் கணக்கில் எடுக்கின்றன. ஊர் ஊராக இழுபட்டு நடுவில் இரண்டு வகுப்பைத் தவறவிட்ட பிள்ளை, தனக்கென்றே வந்த சலுகையையும் வாசலில் நின்று வேடிக்கை பார்க்கிறது.

சர்க்கார்கள் என்ன செய்கின்றன? 1988இல் தொடங்கிய தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின் சிறப்புப் பயிற்சி மையங்கள், குறைகள் பல இருந்தாலும், வேலைத்தலத்திலிருந்து மீட்ட பிள்ளைகளுக்கு ஒரு படிக்கட்டாக இருந்தன. 2021இல் மத்திய சர்க்கார் அத்திட்டத்தைச் சமக்ர சிக்ஷாவோடு இணைத்து அதன் தனி வாழ்வை முடித்தது. பிறகு, பி.எம். ஸ்ரீ ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை என்பதற்காக, 2024-25ஆம் வருஷத்துக்குத் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய சமக்ர சிக்ஷா பணம் 2,152 கோடி ரூபாயை நிறுத்தி வைத்தது. டில்லிக்கும் சென்னைக்கும் நடக்கும் வழக்கில் அபராதம் கட்டுவது யார்? சூளைப் பிள்ளையே!

நமது தோழர்களில் சிலர் முணுமுணுப்பதும் நம் காதில் விழுகிறது: "வெளியூரான் வந்து நம் கூலியைக் கெடுக்கிறான், அவன் பிள்ளைக்காக நாம் ஏன் மெனக்கெட வேண்டும்?" கூலியைக் குறைப்பது வந்தவனா, அவன் பசியைப் பயன்படுத்தும் முதலாளியா? இன்று எழுத்தறியாமல் விடப்படும் பிள்ளை நாளை எந்தக் காகிதத்திலும் கைநாட்டு வைக்கும். எந்தக் கூலிக்கும் தலையாட்டும். உங்கள் மில் வாசலில் உங்களுக்கு எதிராக நிறுத்தப்படும் மலிவுப் பட்டாளத்தில் அதுவும் ஒன்றாகும். அந்தப் பிள்ளை படித்தால் உங்கள் கூலிக்கும் அது காவல்.

உலக அனுபவமும் நமக்குத் துணை. பெரும் பணக்கார நாடான அமெரிக்காவிலேயே 2021-22 கல்வியாண்டில் சுமார் 12 லட்சம் வீடற்ற மாணவர்கள் கணக்கிடப்பட்டனர். முதலாளித்துவத்தின் பெருமைக்கு இது நல்ல சான்று! ஆயினும் அங்கே 1987இல் வந்த மெக்கின்னி சட்டமும் அதன் திருத்தங்களும், காகிதம் இல்லாவிட்டாலும் பிள்ளையை உடனே சேர்க்க வேண்டும், பழைய பள்ளியிலேயே தொடர வாகன வசதி தர வேண்டும், ஒவ்வொரு கல்வி வட்டாரத்திலும் இதற்கென ஒருவர் பொறுப்பேற்க வேண்டும் என்று விதித்துள்ளன. 1920இல், உள்நாட்டுப் போரால் அநாதைகளான பிள்ளைகளைக் கொண்டு பொல்தாவா அருகே மக்கரெங்கோ ஒரு குடியிருப்பை உருவாக்கினார். படிப்பும் உழைப்பும் சுயநிர்வாகமும் சேர்ந்து தெருப் பிள்ளைகளை மனிதர்களாக நிமிர்த்தின. வசதி குறைந்த காலத்தில் அங்கே நடந்தது இங்கே ஏன் நடக்காது?

ஆகவே நாம் கோருவது:

பவானி, அம்மாபேட்டை, அந்தியூர் ஒன்றியங்களிலும் நகரசபையிலும் இடம்பெயர்ந்த, வீடற்ற பிள்ளைகளுக்குப் பொறுப்பான ஓர் அதிகாரியின் பெயரை ஒவ்வொரு பள்ளி வாசலிலும் எழுதிப் போடு!

சூளை, கரும்பு வெட்டு, மில் விடுதி எங்கும் பிள்ளைகளின் பட்டியல் எடு! பள்ளி தூரமானால் முதலாளி செலவில் வாகனம் விடு!

பெற்றோர் வேலைக்குப் போகும் மாதங்களில் பிள்ளைகள் சொந்த ஊரிலேயே தங்கிப் படிக்க, சாப்பாட்டோடு பருவகால விடுதி திற!

வெள்ளக் காலத்துக்குப் பள்ளிகளை விட்டு வேறு கட்டிடங்களை ஒதுக்கு! இழந்த புஸ்தகத்தையும் சான்றிதழையும் முகாமிலேயே கொடு! கரையோர மக்களுக்கு, பிள்ளையின் பள்ளிக்கு நடந்து போகும் தூரத்தில், பட்டாவோடு மேட்டு நிலம் கொடு!

முன்பணத்தை ஒழித்து, இரண்டு பேர் உழைப்பில் குடும்பம் பிழைக்கும் கூலியை நிர்ணயம் செய்!

கோரிக்கை வைப்பதோடு நமது வேலை முடிந்துவிடாது. ஒவ்வொரு சங்கக் கிளையும் தன் எல்லைக்குள் பள்ளி செல்லாத பிள்ளைகள் எத்தனை என்று இந்த மாதமே கணக்கெடுக்க வேண்டும். சேர்க்க மறுத்தால் சங்கத் தோழர்கள் இருவர் தாயோடு தலைமை ஆசிரியரைச் சந்தித்துச் சட்டத்தைச் சொல்ல வேண்டும். மறுப்பை எழுத்தில் கேட்க வேண்டும். ஆசிரியர்கள் நமது எதிரிகள் அல்லர். பெரும்பாலோர் மகிழ்ச்சியோடு கதவைத் திறப்பார்கள். மில் தொழிலாளியின் பிள்ளைகளில் பத்தாவது படித்தவர்கள் மாலையில் சூளைக் கொட்டகைக்குப் போய் எழுத்துக் கற்பிக்கலாம்.

பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுக்க நாளாகலாம். பள்ளியில் இடம் வாங்கிக் கொடுக்க நாளை காலையே போகலாம். கிளம்புங்கள், தோழர்களே!