கயிறு பிடிக்கட்டும்... நண்பன் வேண்டாம்!



செமஸ்டர் முடிஞ்சு ஹாஸ்டலைக் காலி பண்ற சீசன் வந்தாச்சு. காரைக்குடி காலேஜ் ரோடு பக்கம் போனா பெட்டி, படுக்கை, பக்கெட்... கூடவே ஒரு குட்டியானை! 2005-ல் வந்த டாடா ஏஸுக்கு நம்ம மக்கள் வெச்ச செல்லப் பேர் அது. பெட்டியெல்லாம் ஏத்தியாச்சு. பைக்கை எப்படிக் கொண்டு போறது?

"மச்சி, நீ பின்னாடி ஏறி பைக்கைப் பிடிச்சுக்கோ. மதுரை வரைக்கும்தானே!"

இந்த டயலாக் உங்க கேங்கில் கேட்டா, அங்கேயே ஒரு பிரேக் போடுங்க பாஸ். சாதாரண நூறு சி.சி. பைக்கே 110 கிலோ வரும். புல்லட்னா இன்னும் அதிகம். குறுக்கே ஒரு ஆடு வந்து டிரைவர் சடன் பிரேக் அடிச்சா, அந்த எடை மொத்தமும் முன்னால பாயப் பார்க்கும். ஜிம் பாடியா இருந்தாலும் பிடிக்க முடியாது. பைக்குக்கும் கேபினுக்கும் நடுவுல உங்க நண்பன் சிக்குவான்.

சட்டமும் அவன் பக்கம் இல்லை. சரக்கு வண்டியில் சும்மா ஏறி வர்றவங்களுக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி பொறுப்பில்லைன்னு 2002-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. சரக்கோட சொந்தக்காரருக்கு சட்டத்தில் இடம் உண்டு. ஆனா அவரும் கேபினில்தான் உட்காரணும்னு 2007-ல் இன்னொரு தீர்ப்பு வந்தது. ஆக, பைக் உங்களுதா இருந்தாலும் பின்னாடி ஏறாதீங்க!

சரி, எப்படிக் கட்டறது?

முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய மரத்தூணையும் பீரோவையும் வண்டியில் ஏத்தறதைப் பார்த்திருப்பீங்க. சாக்கைச் சுத்தி இறுக்கிக் கட்டினா முடிஞ்சுது. மரம் அமுங்காது. பைக் அப்படி இல்லை. அதுக்கு ஷாக் அப்சர்பர் இருக்கு. சும்மா கட்டினா, பள்ளத்தில் வண்டி விழும்போது ஷாக் அமுங்கும். அந்த நொடி கயிறு தொய்யும், கொக்கி கழலும். அதனால முன்பக்க ஷாக்கைப் பாதி அளவு அமுக்கி வெச்சுக் கட்டணும். அப்போ ஸ்பிரிங்கே மேல தள்ளி, கயிற்றை விறைப்பா வெச்சிருக்கும். முழுசா அமுக்கினா ஆயில் சீல் போயிடும், ஜாக்கிரதை.

* ஏத்தும்போது உறுதியான நீளப் பலகை போடுங்க. இன்ஜினை அணைச்சுட்டு மூணு பேர் சேர்ந்து தள்ளுங்க. சினிமா ஹீரோ மாதிரி ஓட்டி ஏத்த வேண்டாம்.

* குட்டியானையோட உள் நீளம் சுமார் ஏழடி, நூறு சி.சி. பைக் ஆறரை அடி. நேராவே நிக்கும். முன்சக்கரத்தைக் கேபின் சுவரில் முட்டி நிறுத்தி, நடுவுல ஒரு சாக்கு வைங்க. முதல் கியரில் போடுங்க.

* ஹேண்டிலுக்குக் கீழே, ரெண்டு ஃபோர்க்கையும் சேர்த்துப் பிடிக்கிற இரும்பில் ஆளுக்கொரு பக்கம் கட்டுங்க. கண்ணாடி, இண்டிகேட்டர், கிளட்ச் கேபிள் பக்கமே கயிறு போகக் கூடாது. பின்னாடி, ஃபிரேமில் போல்ட் போட்ட ஃபுட்ரெஸ்ட் பிராக்கெட்டில் ரெண்டு. நாலும் கீழ் நோக்கி, வெளிப்பக்கமா, நாலு மூலைக்கும் இழுக்கணும்.

* நைலான் கயிறு இழுபட்டு நீளும். இறுக்கற கிளிப் வெச்ச பாலியஸ்டர் பெல்ட் கிடைச்சா அதுதான் பெஸ்ட்.

* கட்டி முடிச்சதும் ஸ்டாண்டை எடுத்துடுங்க. பைக் முன்னால நகர்ந்தா ஸ்டாண்டு மடங்கிடும். பிரேக் அடிக்கும்போது நடக்கப்போறதும் அதுதானே?

இப்போ ஒரு டெஸ்ட். பைக்கைப் பிடிச்சு ஆட்டிப் பாருங்க. பைக் மட்டும் ஆடினா ஃபெயில். குட்டியானையும் சேர்ந்து ஆடினா பாஸ்!

கிளம்பின கொஞ்ச நேரத்தில் கயிறு ஒரு சுத்து தளரும். அது சகஜம்தான். மதுரைப் பக்கம் போறவங்க பிள்ளையார்பட்டியில் ஒரு கும்பிடு போட்டுட்டு இறுக்குங்க. திருச்சிப் பக்கம் போறவங்களுக்குக் கானாடுகாத்தான் இருக்கு. டிரைவர் அண்ணன், "லேட்டாகுது தம்பி"ன்னு முணுமுணுப்பார். ஒரு டீ வாங்கிக் கொடுத்தா சரியாயிடும்.

இறக்கும்போது நாலையும் ஒரே நேரத்தில் அவிழ்க்காதீங்க. முதல்ல ஒருத்தர் பைக்கைப் பிடிச்சுக்கட்டும். நண்பன் கை வைக்க வேண்டியது அங்கேதான், வண்டி நின்ன பிறகு.

கேபினில் ஒரு சீட்தான் காலி. ரெண்டு பேர்னா ஒருத்தர் பஸ்ஸில் வரட்டும். டிக்கெட் காசு போனா போகட்டும், அவன் வீட்டுக்குப் பத்திரமா வந்து சேரணும் இல்லையா?

அடுத்த வாரம் பார்க்கலாம். டாட்டா!