தனக்கு மட்டும் சமைப்பது பாவமா?

“ஒற்றை ஆளுக்கு என்னத்தைப் பொங்குவது?” என்கின்ற பேச்சு இன்று நம் நாட்டில் பட்டணம் கிராமம் என்ற வித்தியாசமில்லாமல் எங்கும் கேட்கப்படுகின்றது. திருப்பூரிலே பனியன் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு ஒண்டு அறையில் குடியிருக்கும் வாலிபனும் இதைத்தான் சொல்லுகிறான். பிள்ளைகள் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட, கிராமத்து வீட்டில் தனியாய் விடப்பட்ட அம்மாளும் இதைத்தான் சொல்லுகிறாள். பெண்ஜாதியை இழந்த பென்ஷன்காரரும் இதையேதான் சொல்லுகிறார். சொல்லிவிட்டு வாலிபன் பரோட்டாக் கடைக்குப் போகிறான்; பென்ஷன்காரர் மகள் வீட்டிலிருந்து தூக்கு வருமா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்; அம்மாளோ டீயில் இரண்டு ரஸ்க்கை நனைத்துத் தின்றுவிட்டுப் படுத்துக்கொள்ளுகிறாள்.

இதை வெறும் சோம்பேறித்தனம் என்று சொல்லித் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. நாம் அப்படிக் கருதவில்லை. அந்த அம்மாள் நாற்பது வருஷ காலம் விடியுமுன் எழுந்து பத்துப் பேருக்கு உலை வைத்தவள். அவளைச் சோம்பேறி என்று சொல்ல யாருக்கு யோக்கியதை இருக்கின்றது? பத்துப் பேருக்குப் பொங்கின கை ஒருவருக்குப் பொங்குவதற்கு ஏன் எழமாட்டேன் என்கின்றது என்பதுதான் யோசிக்கவேண்டிய சங்கதியாகும்.

நமக்குப்பட்டவரை காரணம் இதுதான். சமையல் என்பது பிறத்தியாருக்குச் செய்கின்ற ஊழியம் என்பதாகவே நம் ஜனங்களின் மூளையில் ஏற்றப்பட்டிருக்கின்றது. ஊழியம் செய்யப்படவேண்டிய ஆள் இல்லையென்றால் அடுப்புக்கும் வேலையில்லை என்று ஆகிவிடுகின்றது. இந்த எண்ணம் தானாய் முளைத்ததல்ல. கீதையை எடுத்துப் பாருங்கள். மூன்றாவது அத்தியாயம் 13-வது சுலோகத்தில், யக்ஞத்தில் மிஞ்சியதை உண்கிறவர்கள் நல்லவர்கள் என்றும், தங்களுக்காகச் சமைத்துக்கொள்ளுகிறவர்கள் பாவத்தையே தின்கிறார்கள் என்றும் சொல்லப்பட்டிருக்கின்றது. மனுதர்ம சாஸ்திரமும் மூன்றாவது அத்தியாயம் 118-வது சுலோகத்தில் ஏறக்குறைய இதையே சொல்லுகின்றது. தேவர்களுக்கும், ரிஷிகளுக்கும், பிதுர்க்களுக்கும், விருந்தாளிகளுக்கும் ஆனபிறகு மீந்ததுதான் வீட்டுக்காரனுக்கு என்பது அதற்கு முந்திய சுலோகம். அப்படியானால் அந்த வீட்டுக்காரனும் உண்டு முடித்தபிறகு வீட்டுக்காரிக்கு என்ன மீதியிருக்கும் என்று எந்த சாஸ்திரியாவது கணக்குப் போட்டுப் பார்த்ததுண்டா?

“இது கருமிகளைக் கண்டிப்பதற்காகச் சொன்னது” என்று வியாக்கியானம் செய்ய வருவார்கள். வள்ளுவரும் தனியே உண்பதைக் கண்டிக்கவில்லையா என்றும் கேட்பார்கள். வள்ளுவர் அதைச் சொல்லியிருப்பது ஈகை அதிகாரத்தில். பொருளை நிரப்பிக்கொள்ளுகின்ற ஆசையால் கொடுக்க மனமில்லாமல் ஒளித்துத் தின்பவனைப்பற்றி. அது நியாயந்தான். ஆனால் கொடுப்பதற்கு ஆளே இல்லாத வீட்டில் உட்கார்ந்திருக்கிறவளுக்கு அதனால் என்ன குற்றம் வந்துவிட்டது? அவள் உண்ணாமல் கிடப்பதால் எந்தப் பசித்தவனுக்கு ஒரு பிடி சோறு கிடைத்துவிடுகின்றது?

சர்க்கார் 2019-ம் வருஷத்தில் ஜனங்கள் நேரத்தை எப்படிச் செலவழிக்கிறார்கள் என்று ஒரு கணக்கெடுத்தார்கள். ஒரு நாளில் சம்பளமில்லாத வீட்டு வேலையில் கை வைத்தவர்கள் பெண்களில் நூற்றுக்கு 81 பேர். ஆண்களில் நூற்றுக்கு 26 பேர். அப்படிக் கை வைத்தவர்களிலும் பெண்ணுக்கு நாளொன்றுக்கு 299 நிமிஷம், ஆணுக்கு 97 நிமிஷம். இந்தக் கணக்கைப் பார்த்தால், தனியாய் விடப்பட்டபோது ஆணுக்கும் பெண்ணுக்கும் வருகின்ற கஷ்டம் ஒன்றல்ல என்பது விளங்கும். ஆணுக்குச் சமைக்கத் தெரியாது. பெண்ணுக்குத் தனக்கென்று சமைக்கத் தெரியாது.

எந்த வீட்டிலாவது போய், உங்கள் புருஷனுக்கு என்ன குழம்பு பிடிக்கும் என்று கேட்டுப் பாருங்கள். உடனே பதில் வரும். மகனுக்கு என்ன பிடிக்கும், மாமனாருக்கு எது ஆகாது என்பதும் விரல் நுனியில் இருக்கும். உங்களுக்கு என்ன பிடிக்கும் என்று கேளுங்கள். சிரிப்பாள், யோசிப்பாள், “எனக்கென்ன, எதுவானாலும் சரி” என்பாள். வீட்டுக்காரருக்குக் கத்தரிக்காய் ஆகாது என்பதற்காக முப்பது வருஷம் கத்தரிக்காயே வாங்காத வீடுகள் உண்டு. அவர் போனபிறகும் அந்த வீட்டில் கத்தரிக்காய் வாங்கப்படுவதில்லை! தனியாய் இருக்கும் அம்மாள்மார்களுக்கு நாம் சொல்லுவதெல்லாம், முதலில் அந்தக் கத்தரிக்காயை வாங்குங்கள் என்பதுதான். சத்து, கணக்கு, சிக்கனம் எல்லாம் பிறகு ஆகட்டும். நாக்குக்கு ஆசை வந்தால் கை தானே எழும்.

இதில் விரதம் என்ற ஒரு பித்தலாட்டமும் சேர்ந்துகொள்ளுகின்றது. இன்றைக்குச் சஷ்டி, நாளைக்கு ஏகாதசி, மறுநாள் சனிக்கிழமை என்று அடுப்பு மூட்டாத நாளுக்கெல்லாம் ஒரு சாமியின் பேரைச் சூட்டிவிடுகிறார்கள். ஊரார் “என்ன பக்தி!” என்கிறார்கள். தனிமையில் மனம் சோர்ந்து ஒரு மனுஷி பட்டினி கிடக்கிறாள் என்பது எவன் கண்ணுக்கும் படுவதில்லை. வயதான உடம்புக்குத் தசை கரைந்துகொண்டே போகும். அதைத் தாங்கப் பருப்பும் முட்டையும் மீனும் வேண்டும். டீயும் ரஸ்க்கும் அதற்கு உதவாது.

இனி ஆண்பிள்ளைகள் சங்கதி. சமையல் கைராசி என்றும், கைமணம் என்றும், பெண்ணுக்குப் பிறவியிலேயே வருவது என்றும் சொல்லித் தப்பித்துக்கொள்ளுகிறார்கள். ஜப்பானிலே டோஷிபா கம்பெனியார் 1955-ம் வருஷத்தில் மின்சாரத்தில் தானே சோறு வடித்து நின்றுவிடும் பாத்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். அதற்கான சோதனைகளைச் செய்தவர்கள் மினாமி என்னும் சிறு தொழிற்சாலைக்காரரும், முக்கியமாய் அவர் மனைவி ஃபுமிகோ அம்மாளுமாவர். அந்த அம்மாள் அரிசி எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு, சூடு எவ்வளவு, நேரம் எவ்வளவு என்று அளந்து அளந்து பார்த்தார்கள். வெளிப்பாத்திரத்தில் ஊற்றிய தண்ணீர் உள்ளவரையில் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. தண்ணீர் வற்றியதும் சூடு ஏறும். ஏறினவுடன் இரண்டு உலோகங்கள் ஒட்டிய தகடு வளைந்து மின்சாரத்தை நிறுத்திவிடும். இதுதான் அதன் ரகசியம். கைராசி எங்கே போயிற்று? ஒரு தகட்டுக்குத் தெரிந்தது எம்.ஏ. படித்த ஆசாமிக்குத் தெரியாதா?

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். நாலு பேருக்கு வெங்காயம் உரிப்பதும் ஒருவருக்கு உரிப்பதும் ஏறக்குறைய ஒரே பாடுதான். கழுவவேண்டிய பாத்திரமும் அநேகமாய் அதேதான். ஆகவே தனி ஆள் குடும்பச் சமையலைச் சுருக்கிச் செய்யப் பார்த்தால் இரண்டு நாளில் சலிப்பு வந்துவிடும். சாம்பார், ரசம், பொரியல், கூட்டு என்று நாலு பாத்திரம் வைக்கவேண்டும் என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கின்றது? அரை ஆழாக்கு அரிசி, ஒரு கைப்பிடி பருப்பு, கிடைத்த காய், மஞ்சள், உப்பு எல்லாவற்றையும் ஒரே குக்கரில் போட்டு மூன்று விசில் விட்டு, மேலே கொஞ்சம் தாளித்துக் கொட்டினால் ஒரு வேளை தீர்ந்தது. கழுவ ஒரு பாத்திரந்தான். பசி வந்தபிறகு சமைக்கலாமா வேண்டாமா என்று மனத்தோடு விவாதம் செய்ய உட்காரவும் கூடாது. பசித்தவன் விவாதத்தில் கடைக்காரன்தான் ஜெயிப்பான். வேலைக்குப் போகுமுன்பே அரிசி பருப்பைக் களைந்து குளிர்பெட்டியில் ஊறவைத்துவிட்டுப் போனால், திரும்பி வரும்போது பாதி வேலை ஆகியிருக்கும்.

மிச்சச் சோற்றைப்பற்றியும் ஒரு வார்த்தை. காலையில் வடித்ததை இரவுவரை அப்படியே மேடையில் வைத்து, சுட வைத்துத் தின்றால் போதும் என்று நினைக்கிறார்கள். சோற்றிலுள்ள ஒருவகைக் கிருமியின் வித்து கொதியிலும் சாகாது. வெதுவெதுப்பில் அது பெருகி உண்டாக்குகின்ற விஷம் மறுபடி சுடவைத்தாலும் போகாது. மீந்ததை இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைத்து மறுநாளே தீர்த்துவிடவேண்டும்.

இவ்வளவுக்கும் மேலே மிகவும் சுலபமான வழி ஒன்று உண்டு. அது கூடிச் சமைப்பதாகும். ஒரே காம்பவுண்டில் வரிசையாய் மூன்று அறை, மூன்றிலும் மூன்று ஒண்டி ஆள்கள், மூன்று அடுப்பு, மூன்று பேருக்கும் சலிப்பு. ஒருநாள் ஒருவர் என்று முறை வைத்துக்கொண்டால் வாரத்தில் நாலைந்து நாள் ஓய்வு கிடைக்குமே, ஏன் செய்யக்கூடாது? விசாரித்துப் பார்த்தால், “அவர்கள் என்ன ஆள்களோ!” என்று இழுப்பார்கள். பரோட்டாக் கடையில் மாவு பிசைகிறவன் என்ன ஆள் என்று இவர்கள் ஒருநாளும் கேட்பதில்லை. பக்கத்து அறைக்காரன் குழம்பு வைத்தால் மாத்திரம் ஜாதி ஞாபகத்துக்கு வந்துவிடுகின்றது! வீட்டுச் சொந்தக்காரர்களோ இதற்கும் மேலே. “சைவர்களுக்கு மட்டும்” என்று போர்டு மாட்டி, வாடகை கொடுப்பவன் தன் சட்டியில் கருவாடு வறுப்பதைக்கூடத் தடுக்கிறார்கள். வாடகையை மாத்திரம் சைவக்காசா, அசைவக்காசா என்று பிரித்துப் பார்ப்பதில்லை.

தனியாய் இருக்கும் தோழர்கள் இரண்டு மூன்று பேர் ஜாதி பாராமல், ஆண்களும் கரண்டி பிடித்து, ஒரு மாத காலம் கூட்டடுப்பு நடத்திப் பார்க்கட்டும். அரிசி, காய், காஸ், எண்ணெய் எல்லாவற்றுக்கும் ஆன செலவையும், அதற்கு முந்திய மாதம் கடைக்குக் கொடுத்ததையும் எழுதி அனுப்பினால், அப்படியே பிரசுரிக்கத் தயாராயிருக்கிறோம்.