'சர்வர் டவுன்' ஆனால் உள்ளே என்ன நடக்கிறது? விழுந்த கணினியிலிருந்து பட்டாவும் சான்றிதழும் மீள்வது எப்படி?

கல்வராயன் மலையின் வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக இறங்கி கள்ளக்குறிச்சிக்கு வருபவருக்கு, இ-சேவை மையத்தில் 'சர்வர் டவுன்' என்று பதில் வந்தால் அன்றைய கூலியும் பஸ் காசும் போச்சு. பழங்குடியினர் சாதிச் சான்று, பட்டா மாறுதல் எல்லாமே இப்போது ஆன்லைன்தான். 2019 நவம்பரில் தனி மாவட்டம் ஆனதால் கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில் வந்துவிட்டது. ஆனால் விண்ணப்பம் போய்ச் சேரும் கணினி பக்கத்தில் இல்லை. மாநில அரசுத் துறைகள் பலவற்றின் மென்பொருட்கள் சென்னை பெருங்குடியில், எல்காட் நடத்தும் மாநிலத் தரவு மையத்தில் இயங்குகின்றன.

ஒரே வீட்டில் பல குடித்தனம்

இதுபோன்ற தரவு மையங்களில் துறைக்கு ஒரு கணினி என்று வைப்பதில்லை. ஒரு பெரிய கணினியைத் தடுத்துப் பல 'விர்ச்சுவல் மெஷின்'களை ஓடவிடுகிறார்கள். ஒண்டுக்குடித்தனம் மாதிரி. வீட்டுக்குப் பெயர் 'ஹோஸ்ட்'. இப்படிப் பல ஹோஸ்ட்களைச் சேர்த்து, ஒரு நிறுவனமோ அரசோ தனக்கென்றே வைத்துக்கொள்வதுதான் பிரைவேட் கிளவுட். செலவு மிச்சம். ஆனால் ஒரு ஹோஸ்ட் விழுந்தால் அதிலிருந்த அத்தனை குடித்தனமும் ஒரே நொடியில் தெருவுக்கு வரும்.

எப்படி மீட்கிறார்கள்?

ஹோஸ்ட்கள் சில நொடிகளுக்கு ஒருமுறை 'இருக்கேன்' என்று ஒன்றுக்கொன்று சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தம் நின்றால், விழுந்த ஹோஸ்ட்டில் இருந்தவற்றை வேறு ஹோஸ்ட்டில் சிஸ்டம் தானாகவே ஆன் செய்யும். பலர் நினைப்பதுபோல அப்படியே தூக்கி நகர்த்துவது இல்லை இது. கரண்ட் போய் வந்த கம்ப்யூட்டர் போல முதலிலிருந்து பூட் ஆகும். மெமரியில் மட்டும் இருந்தது போய்விடும். டிஸ்க்கில் எழுதப்பட்டது தப்பும். அதுவும் டிஸ்க் அந்த ஹோஸ்ட்டுக்குள் இல்லாமல், எல்லா ஹோஸ்ட்களும் எட்டக்கூடிய பொதுச் சேமிப்பகத்தில் இருந்தால்தான். உள்ளேயே இருந்தால் பேக்கப்தான் கதி.

இதில் பெரிய ஆபத்து, ஹோஸ்ட் உண்மையில் சாகாமல் நெட்வொர்க் கேபிள் மட்டும் அறுந்திருப்பது. செத்துவிட்டது என்று நினைத்து இன்னொரு இடத்தில் அதே மெஷினை ஆன் செய்தால், இரண்டும் ஒரே டிஸ்க்கில் எழுதி டேட்டாபேஸைக் குப்பையாக்கிவிடும். அதனால் பழைய ஹோஸ்ட்டைத் தனி வழியில் கண்டிப்பாக அணைத்த பிறகுதான் அடுத்த வேலை. அவசரத்தில் இந்தப் படியைத் தாண்டுகிறவர்கள், சின்னக் கோளாறைப் பெரிய இழப்பாக்குகிறார்கள்.

இன்னொன்று, மீதி ஹோஸ்ட்களில் இடம் காலியாக இருக்க வேண்டும். 'சும்மா கிடக்கிறதே' என்று அதையும் நிரப்பிவிட்டால், விழும் நாளில் குடியேற வீடு இருக்காது.

கட்டடமே போனால்?

தென் கொரியாவில் அதுதான் நடந்தது. 2025 செப்டம்பர் 26 அன்று தேஜான் நகரில் உள்ள அரசுத் தரவு மையத்தில் லித்தியம் பேட்டரிகள் தீப்பிடித்தன. நிறுத்தப்பட்ட சேவைகள் 647 என்று முதலில் அறிவித்தார்கள். பிறகு 709 என்று திருத்தினார்கள். என்னென்ன சிஸ்டம் இருக்கிறது என்ற பட்டியலே முடங்கிப்போன கணினிகளுக்குள்தான் இருந்தது!

அரசு ஊழியர்கள் ஆவணங்கள் வைத்திருந்த 'ஜி-டிரைவ்' 858 டெராபைட். அளவு பெரிது என்று வெளியே பேக்கப் எடுக்கவில்லை. மொத்தமும் போனது. நேரடியாக எரிந்த 96 சிஸ்டங்களைத் தேகு நகர மையத்தின் கிளவுடில் புதிதாக அமைக்க முதலில் திட்டமிட்டார்கள்.

நம் நாட்டிலும் பாடம் உண்டு. 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மீது நடந்த சைபர் தாக்குதலில் 5 சர்வர்களும் சுமார் 1.3 டெராபைட் தரவும் பாதிக்கப்பட்டன. பல நாள் ஓ.பி. சீட்டு கையால் எழுதினார்கள். தாக்குதல் எட்டாத ஒரு பேக்கப் சர்வரிலிருந்துதான் நோயாளிகளின் தரவு திரும்பக் கிடைத்தது.

தமிழ்நாட்டுக்குத் திருச்சியில் பேரிடர் மீட்பு மையம் இருக்கிறது. இரண்டாவது இடம் இருப்பது நல்லது. அங்கே எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை நகல் போகிறது, உண்மையிலேயே மாற்றி ஓட்டிப் பார்க்கிறார்களா என்பதுதான் எந்த மீட்பு மையத்திடமும் கேட்க வேண்டிய கேள்வி.

விண்ணப்பதாரர் என்ன செய்யலாம்?

கடைசி நகல் காலை 11 மணிக்கு எடுத்தது, பாதிப்பு 11.20-க்கு என்றால், அந்த நகலிலிருந்து மீளும் டேட்டாபேஸுக்கு நடுவில் உள்ள 20 நிமிடம் தெரியாது. அந்த நேரத்தில் பதிந்த விண்ணப்பம் 'காணவில்லை' என்று காட்டக்கூடும். அப்போது கையில் ஆதாரமாக இருப்பது இ-சேவை மையத்தில் கொடுத்த ஒப்புகைச் சீட்டுதான். அதில் விண்ணப்ப எண், தேதி இருக்கிறதா என்று கவுன்ட்டரிலேயே பார்த்து, போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு மலை ஏறுவது நல்லது.